கஞ்சன் மறைத்த செலவு

"ஒரே வீடு, ஒரே வேலை, ஒரே நாள். பில் மட்டும் ரெண்டு" என்று சொல்லி, கார்ப்பெட் போடுகிறவர் இரண்டு காகிதங்களை மேசைமேல் வைத்தார்.

அளவுகோல் என்று எல்லோரும் கூப்பிடும் துப்பறிவாளர் காகிதங்களைத் தொடவில்லை. வந்தவரின் முழங்கால்களைத்தான் முதலில் பார்த்தார். பேண்ட் மற்ற இடங்களில் புதிதாகவும் முழங்காலில் நூலாகவும் இருந்தது. பொய் சொல்ல வந்தவரில்லை, வேலையை விட்டுவிட்டு வந்தவர் என்று முடிவுகட்டிக்கொண்டு, உட்காரச் சொன்னார்.

இருபத்தெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடையையும் இடிந்த சுவரையும் அளந்து அளந்து அவருக்கு அந்தப் பெயர். கையில் டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. எதிர் நாற்காலியில் இருந்த உதவியாளருக்குப் பெயர் பட்டாசு. பெயர் வைத்தவர்கள் அவளுடைய திரி எவ்வளவு சின்னது என்று பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

"ரெண்டு பில்லுன்னா வரி ஏய்ப்பு. கேஸ் முடிஞ்சுது, சாப்பிடப் போலாமா?" என்றாள் பட்டாசு.

"அப்படி இருந்தா நான் ஏங்க இங்க வரேன்?" என்றார் கார்ப்பெட்காரர். "இது கார்ப்பெட்டுக்கான பில். இது அடியில போட்ட ஃபோமுக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

பட்டாசு பார்த்தாள். கணக்கு தலைகீழாக இருந்தது.

கார்ப்பெட் என்று நாம் சொல்வது மேலே கண்ணுக்குத் தெரியும் துணியை. அதைப் போடுகிறவர்களுக்கு அது பாதி வேலைதான். முதலில் சுவரோரம் முழுக்க, ஆணி முனைகள் மேல்நோக்கித் துருத்திய மெல்லிய மரப்பட்டிகளை அடிப்பார்கள். நடுவில் ஃபோமை விரிப்பார்கள். அதன்மேல் கார்ப்பெட்டைப் போட்டு, முழங்காலால் உதைத்துத் தள்ளும் ஒரு கருவியால் இழுத்து, அந்த ஆணிகளில் மாட்டுவார்கள். தரை உயர்ந்துவிடுவதால் கதவுகள் இடிக்கும். அவற்றின் அடியைச் சீவுவார்கள். இத்தனைக்கும் சேர்த்து நூறு ரூபாய் ஆகிறதென்றால், அதில் அறுபதோ எழுபதோ மேல் துணிக்கே போகும். ஃபோமுக்குப் பத்து, மிஞ்சினால் பதினைந்து.

இந்த வீட்டில் ஃபோமின் விலை கார்ப்பெட்டின் விலையைப்போல் இரண்டு மடங்கு.

"கார்ப்பெட் எங்க கடையிலயே மலிவான சரக்கு. ஆபீஸ்ல போடுவாங்களே, சாக்கு மாதிரி மெல்லிசா, அது. ஃபோம் மட்டும் இருக்கறதுலயே ஒசத்தி. அதுவும் ஒண்ணுமேல ஒண்ணு ரெண்டு அடுக்கு. வீட்டுக்காரர்கிட்ட, 'சார், ரெண்டு அடுக்கு போட்டா துணி நிக்காது, ஆறு மாசத்துல சுருக்கம் விழும்'னேன். 'உன் வேலையைப் பாரு'ன்னாரு."

"தாராள மனசுக்காரரோ?" என்றார் அளவுகோல்.

கார்ப்பெட்காரர் சிரித்துவிட்டார். "மிச்சம் இருந்த ஆணியை எண்ணிப் பாத்து பில்லுல கழிக்கச் சொன்ன ஆளுங்க. குடிக்கத் தண்ணி கேட்டேன், தெருக்குழாயைக் காட்டினாரு."

"குழாயில தண்ணி வந்துச்சா?" என்றாள் பட்டாசு.

"வந்துச்சு."

"அப்ப அது அவரு கட்டின குழாய் இல்ல."

"ஃபோம் எந்தெந்த ரூம்ல?" என்றார் அளவுகோல்.

"ஹால், நடை, உள்ரூம், மூணுலயும் ரெண்டு அடுக்கு. அவரும் அவர் மனைவியும் படுக்கிற ரூம்ல மட்டும் ஒரு துண்டுகூட இல்ல. சிமெண்ட் தரைமேல நேரா துணி."

"ஊருக்கு மெத்தை, தனக்குச் சிமெண்ட்டு! சார், இது கஞ்சன் இல்ல, மகான். சிலை வைக்கணும். அதுக்கும் அடியில ஃபோம் போடணும்" என்றாள் பட்டாசு.

"கேளுங்க. கார்ப்பெட் பில்லு வீட்டுக் கணக்குல போகுது. அந்தப் பணம் அவரோட தங்கச்சிது. ஃபோம் பில்லை மட்டும் தன் கையிலேர்ந்து, ரொக்கமா, எண்ணிக் குடுத்தாரு. வீட்ல யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. அதோட விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன். நேத்து போன் பண்றாரு: 'யாராவது கேட்டா ஃபோமே போடலைன்னு சொல்லு.' பதினெட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். எதுக்குச் சொல்றோம்னு தெரியாம எப்படிங்க ஒரு பொய்யைச் சொல்றது?"

"யார் கேப்பாங்களாம்?"

"இன்னிக்கு நாலு மணிக்கு வீட்டுக்கு ஒரு டாக்டர் வர்றாங்களாம்."

அளவுகோல் எழுந்து டேப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார். "கஞ்சன் ஒருநாள் செலவழிக்கலாம். ஆனா செலவழிச்சா ஊரைக் கூட்டிச் சொல்லுவான். செலவழிச்சதை மறைக்கிற கஞ்சனை நான் பாத்ததில்ல. வாங்க, பாத்துட்டு வருவோம்."

கார்ப்பெட்காரரின் வேனில் போகும்போது பட்டாசு ஊகங்களைக் கொளுத்திப் போட்டுக்கொண்டே வந்தாள். அடியில் பிணம் இருக்கிறது என்றாள்.

"தரையைக் கூட்டித் தொடச்சதே நான்தாங்க. ஒரு விரிசல்கூட இல்ல."

"அப்ப நகை, பத்திரம்."

"ஃபோமை விரிச்சதும் நான்தாங்க."

"நடக்கற சத்தம் கேக்கக் கூடாதுன்னு?"

"சத்தம் பிடிக்காதவன் தான் தூங்கற ரூமுக்குத்தான் முதல்ல போடுவான்" என்றார் அளவுகோல். பட்டாசின் திரி அணைந்தது.

மூன்றரை மணிக்குச் சில நிமிடங்கள் முன்னால் அந்த வீட்டு மணியை அடித்தார்கள். கதவைத் திறந்தவள் வீட்டுக்காரரின் மனைவி. கார்ப்பெட் போட்டு ஒரு மாதமானால் இழுவை சரியாக இருக்கிறதா என்று கம்பெனி பார்க்க வேண்டும், இலவசம் என்றார் அளவுகோல். இலவசம் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் கதவு அகலத் திறந்தது.

வாசலுக்குப் பக்கத்திலேயே கட்டி வைத்த ஒரு பெட்டி நின்றது. ஹாலில், ஜன்னலோரம், சக்கர நாற்காலியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வீட்டுக்காரரின் தங்கை. மாடிப்படியிலிருந்து விழுந்து கால்கள் செயலிழந்து பதினொரு வருடம். அதற்குப் பிறகும் இந்த வீட்டில் சமைத்தது, கதவைத் திறந்தது, தோல்பை தைத்து விற்றது எல்லாம் அவள்தான். அப்பா வீட்டை அவள் பெயருக்கே எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

"கார்ப்பெட் எப்படி? நான் தேர்ந்தெடுத்தது" என்றாள் சிரித்தபடி. "மெல்லிசா, இறுக்கமா, மேல நிக்கற இழை குட்டையா இருக்கறதா பாத்து எடுங்க, அப்பதான் சக்கரம் ஓடும்னு நாற்காலிக் கடையில சொன்னாங்க. மாதிரித் துண்டைத் தரையில போட்டு உருட்டியே பாத்தேன். வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. அண்ணன் இன்னும் நல்லதா எடுத்துக்கோன்னாரு. நான்தான் இதுவே போதும்னுட்டேன்."

"போடும்போது பாத்தீங்களா?" என்றார் அளவுகோல்.

"இல்ல. அப்பப் பாத்துக் காய்ச்சல், அஞ்சு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தா வீடே பளபளன்னு இருக்கு. எனக்குத்தான் குடுத்துவெக்கல." தன் கைகளை மடியில் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். "காய்ச்சலோட கையும் போயிடுச்சு."

"கால்ல ஆரம்பிச்சது, இப்பக் கைக்கு ஏறுது. இந்த நோவு அப்படித்தான்" என்றாள் அண்ணி. "தினமும் சாயங்காலம் ஒருமணி நேரம் எண்ணெய் போட்டு நான்தான் தேய்ச்சு விடறேன். தையலைக்கூட நிறுத்தச் சொல்லிட்டேன், பாவம், கைக்கு ஓய்வு வேணாமா?"

"அண்ணி இல்லைன்னா நான் இல்ல" என்றாள் தங்கை. அதை மனதாரச் சொன்னாள்.

பட்டாசு கைகொடுத்தாள். கொடுத்த கையைத் திரும்ப வாங்கச் சற்று நேரம் பிடித்தது. இடுக்கியில் மாட்டிய மாதிரி இருந்தது. விரல்கள் ஐந்தும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு, அளவுகோலின் காதருகே போய், "சார், இந்தக் கை போன கைன்னா, இருந்தப்ப சுவத்தை இடிச்சிருக்கும்" என்றாள்.

அவர் காதில் வாங்கினாரோ இல்லையோ, மண்டியிட்டு, நடையில் எதிரெதிராக இருந்த இரண்டு கதவுகளின் அடியை அளந்துகொண்டிருந்தார். தங்கையின் உள்ரூம் கதவு மற்றதைவிட ஒன்றரை விரல் உயரத்தில் சீவப்பட்டிருந்தது. வீட்டுக்காரரின் ரூம் வாசலில் தரை அதே ஒன்றரை விரல் சட்டென்று தாழ்ந்தது. துணியோ இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

"இந்த ரூமுக்கு நீங்க வருவீங்களாம்மா?"

"அது அவங்க ரூம். நான் எதுக்குங்க போறேன்?"

"சமையல்கட்டு?"

"அங்கயும் போய் ஒரு மாசமாச்சு. பாதி வழியிலயே மூச்சு வாங்குது. பாத்ரூம் வாசல் குறுகல், நாற்காலி நுழையாது, முன்னாடி வாசல்ல இறங்கி நானே போயிடுவேன், இப்ப அண்ணிதான் தூக்கிட்டுப் போறாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னிக்கு கோர்ட் அனுப்பற டாக்டர் வந்து பாப்பாங்க. தனியா நடமாட முடியாதுன்னு எழுதிட்டா, அண்ணன்தான் எனக்குக் காப்பாளர். அவரு அங்க மனு போட்டிருக்காரு. வீட்டை அவரு பாத்துப்பாரு, என்னை ஏதோ ஒரு இல்லத்துல சேப்பாங்க. பெட்டிகூட அண்ணி கட்டிட்டாங்க."

"நீங்க ஒத்துக்கிட்டீங்களா?" என்றாள் பட்டாசு.

"கையே ஒத்துக்கலையே, நான் வாயால என்ன சொல்றது?"

பட்டாசு வாசலில் நின்ற பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்தார். நல்ல உடம்பு, நல்ல சிரிப்பு. கார்ப்பெட்காரரைக் கண்டதும் சிரிப்பு ஒரு கணம் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டது. "இலவசம்தானே?" என்றார். அதற்குள் வாசலில் மணி அடித்தது. டாக்டர் கால்மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

நடுவயதுப் பெண். களைத்த முகம், கையில் அச்சடித்த படிவம். வேறு எட்டு வீடுகள் பாக்கி இருக்கிற அவசரம். "ஜன்னல்கிட்டேர்ந்து சமையல்கட்டு வரைக்கும் நீங்களே போய்க் காட்டுங்கம்மா. அவ்வளவுதான்" என்றார்.

தங்கை சக்கரங்களைப் பற்றித் தள்ளினாள். நாற்காலி ஒரு சாண் நகர்ந்து நின்றது. மறுபடி தள்ளினாள். ஒரு சாண். கழுத்து நரம்பு புடைத்தது. ஆறாவது தள்ளலில் உள்ளங்கை வழுக்கிச் சக்கரக் கம்பியில் அடிபட்டது. ஒன்பதாவதில் மூச்சு இரைத்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மெதுவாம்மா, மெதுவா. ஒண்ணும் அவசரமில்ல" என்றார் அண்ணன். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "மூணு நிமிஷம் ஆச்சு டாக்டர். இன்னும் பாதி வழிகூடத் தாண்டல. தினம் இந்தக் கண்றாவியைப் பாக்கறேன், என் வயிறு எரியுது." கைக்குட்டையை எடுத்து, காய்ந்திருந்த கண்ணைத் துடைத்தார்.

தங்கை பன்னிரண்டாவது முறை தள்ளிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சுக்குங்க டாக்டர்" என்றாள்.

"போதும்மா." டாக்டர் படிவத்தில் எழுதத் தொடங்கினார்.

"டாக்டர்" என்றார் அளவுகோல், டேப்பைச் சுருட்டியபடி. "இந்த ஹால் கார்ப்பெட்டை இப்பக் கழட்டி இழுத்துக் கட்டணும். அஞ்சு நிமிஷம் இவங்களை அந்த எதிர் ரூம்ல வெச்சுக்கலாமா?"

"அந்த ரூம் வேணாம்!" என்றார் அண்ணன்.

சொன்ன வேகத்தில் டாக்டரின் பேனா நின்றது. "ஏன்?"

"கலைஞ்சு… கலைஞ்சு கெடக்கு."

"எங்க வீட்டைப் பாத்தா நீங்க மயக்கம் போட்ருவீங்க" என்று சொல்லிக்கொண்டே பட்டாசு நாற்காலியின் பின்பிடியைப் பிடித்து நடைப்பக்கம் தள்ளினாள். நான்கு அடி போவதற்குள் அவளுக்கே தோள் கடுத்தது. பழுதாகி நின்ற லாரியைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. அண்ணி குறுக்கே வந்தாள். "கொஞ்சம் தள்ளுங்கக்கா, என் வண்டிக்கு பிரேக் கிடையாது" என்றாள் பட்டாசு. நாற்காலி ரூம் வாசலில் ஒன்றரை விரல் கீழே இறங்கியது. பட்டாசு கையை எடுத்துவிட்டாள்.

"அக்கா, அந்த அலமாரிப் பக்கம் கொஞ்சம் தள்ளிக்குங்க. எப்பவும் தள்ளற மாதிரியே" என்றாள் தங்கையிடம்.

ஒரு மாதமாக ஒவ்வொரு சாணுக்கும் உயிரைக் கொடுத்துப் பழகியவள், அதே உயிரைக் கொடுத்துத் தள்ளினாள்.

நாற்காலி பறந்தது. ரூமின் குறுக்கே ஓடி, நிறுத்துவதற்குள் அலமாரியில் போய் மோதியது. அலமாரிக் கதவு திறந்துகொண்டு, மேல்தட்டிலிருந்த துணிகள் அவள் மடியில் சரிந்தன.

தங்கை தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பின்னால் தள்ளிப் பார்த்தாள்; நாற்காலி சொன்னபடி கேட்டது. வட்டம் போட்டுப் பார்த்தாள். இன்னொரு வட்டம். மூன்றாவது வட்டத்தில் அண்ணனுக்கு நேரெதிரே வந்து நின்றாள்.

"அதே நாற்காலி" என்றார் அளவுகோல். "அதே கார்ப்பெட், அதே கை. இந்த ரூம்ல துணிக்கு அடியில வெறும் சிமெண்ட்டு. வெளியில துணிக்கு அடியில ரெண்டு அடுக்கு ஃபோம். மெத்தைமேல சைக்கிள் ஓட்டிப் பாத்திருக்கீங்களா, டாக்டர்? ஆள் கனத்துல சக்கரம் கீழ அமுங்கும். அமுங்கின இடத்துக்கு முன்னால ஒரு சின்ன மேடு நிக்கும். அதுமேல ஏறினா, அங்கயும் அமுங்கி அடுத்த மேடு. சமதரையிலேயே ஒருத்தரை நாள் முழுக்க மலையேற வைக்கலாம்."

"மாதிரித் துண்டை உருட்டிப் பாத்தேனே…" என்றாள் தங்கை.

"வெறுந்தரையில வெச்சு உருட்டினீங்க. அதனாலதான் கார்ப்பெட் மேல உங்களுக்குச் சந்தேகம் வரல. கார்ப்பெட் நல்லாருக்கு, அப்ப கைதான் கெட்டுப்போச்சுன்னு நீங்களே நம்பிட்டீங்க. நீங்க நம்பறதுக்காகத்தான் உங்க அண்ணன் கைக்காசு போட்டாரு."

கார்ப்பெட்காரர் முன்னால் வந்து இரண்டாவது பில்லை டாக்டரிடம் நீட்டினார். "போட்டது நான்தாங்க. எதுக்குன்னு தெரியாம போட்டேன்."

"விழுந்தா அடிபடக் கூடாதேன்னுதான்…" என்று ஆரம்பித்தார் அண்ணன்.

"விழற ஆளுக்கு மெத்தை போட்டவர் அதை விழற ஆள்கிட்டயே மறைப்பாரா?" என்றாள் பட்டாசு. "ஆணியை எண்ணிக் கழிக்கற நீங்க, இத்தனை பெரிய தர்மத்தைச் சத்தமில்லாம பண்ணினீங்களா? என் காது குத்தி ரொம்ப நாளாச்சு சார், மறுபடி குத்தாதீங்க."

அண்ணனின் முகத்திலிருந்த நல்ல சிரிப்பு கழன்று விழுந்தது. அடியில் இருந்தது வேறு முகம். "ஆமா, போட்டேன்" என்றார். "நீ ஒருத்தி. எனக்கு ரெண்டு பசங்க. நாலு ரூம் வீடு உனக்கெதுக்கு? ஓடப் போறியா, ஆடப் போறியா?"

தங்கை நாற்காலியை அண்ணி பக்கம் திருப்பினாள். திருப்ப ஒரே ஒரு விரல்தான் தேவைப்பட்டது.

"தினமும் எண்ணெய் தேய்ச்சீங்களே அண்ணி. 'இன்னிக்கு இன்னும் கொஞ்சம் இளைச்சிருக்கு'ன்னு சொல்லிச் சொல்லித் தேய்ச்சீங்க. நான் அழுதப்பக் கூட அழுதீங்க. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "தெரிஞ்சா என்ன? உனக்கு இதமாத்தானே இருந்துச்சு?"

பட்டாசு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டாக்டர் படிவத்தில் எழுதிய மூன்று வரிகளையும் அடித்தார். பிறகு கீழே புதிதாக எழுதத் தொடங்கினார். அடித்ததைவிட நீளமாக எழுதினார். எழுதி முடித்து, அண்ணனின் முழுப்பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். அவர் சொல்லவில்லை. தங்கை சொன்னாள். ஒவ்வோர் எழுத்தாக, தெளிவாக.

"சார், இப்ப நான் என்ன பண்ணட்டும்?" என்றார் கார்ப்பெட்காரர்.

அளவுகோல் மண்டியிட்டு, ஹாலின் மூலையில் கார்ப்பெட்டை ஆணிகளிலிருந்து விடுவித்து, ஒரு முழம் தூக்கிக் காட்டினார். அடியில் ஃபோம் இரண்டு அடுக்காக, கொழுத்துக் கிடந்தது.

"ஓரத்தைக் கழட்டுங்க. ரெண்டு அடுக்கையும் வெளியில எடுங்க. அதே துணியைச் சிமெண்ட்டுமேல இழுத்து, அதே ஆணியில மாட்டுங்க. ஹால், நடை, உள்ரூம், மூணும் ராத்திரிக்குள்ள முடிஞ்சிரும். கதவுக்கு அடியில ஒன்றரை விரல் சந்து தெரியும், அதுக்கு ஒரு சட்டம் அடிச்சுக்கலாம். வேற மருந்து எதுவும் வேணாம். இவங்க கைக்கு ஒண்ணும் ஆகல."